டீச்சர் சொன்ன ஓம்

எங்கள் காடியின் பின்பக்கம் இரண்டு பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இரண்டும் ஊமை. ஓட்டுகிறவன் முக்கால் செவிடு. ஆகவே ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் தினமும் காலையில் புக்கிட் காத்திலிலிருந்து மஸ்ஜித் தானா வரைக்கும் போய்ச் சேருகிறோம்.

காது போவது முடி போவது மாதிரி இல்லை. முடி போனால் ஊரே எடுத்துச் சொல்லும். காது போவதை யாராவது எடுத்துச் சொன்னாலும் நமக்குக் கேட்காது. எனக்கு முதலில் கொசு போயிற்று. அதற்கு நான் சந்தோஷப்பட்டேன். அடுத்தது பிரஷர் குக்கர் விசில். பருப்பு தீய்ந்த அன்றைக்கு, குக்கர்தான் கெட்டுவிட்டது என்று சாதித்து, புதுக் குக்கரே வாங்கி வந்தேன். அதுவும் விசில் அடிக்கவில்லை. பிறகு மனிதர்களின் பேச்சிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. “சாப்பிட்டாச்சா?” என்பது ஆ, இ, ஆ, ஆ என்று வரும். தூரத்தில் யாருக்கோ பல் பிடுங்குகிற மாதிரி இருக்கும்.

நான் இருபது வருடம் தகரம் வெட்டுகிற பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றவன். அதற்கு முன்னால் எஸ்டேட் ரப்பர் ஃபேக்டரி. பிரஸ் வேலையில் காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று கொடுப்பார்கள். அதை மூக்கில் அடைத்துக்கொண்டு கூட வேலை செய்தவர்களைச் சிரிக்க வைத்தேன். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது.

காதில் விழாத கேள்விக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன்: “போலே.” முடியும், ஆகட்டும், செய்யலாம் என்று எல்லாவற்றுக்கும் மலாயில் அந்த ஒரு சொல் போதும். மேலே கொஞ்சம் சிரிப்பையும் தூவிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது நான் வேலை பார்க்கிற ஹார்ட்வேர் கடைக்கு ஒரு மலாய்ப் பெரியவர் வந்து ஏதோ கேட்டார். போலே என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு நானே கூரை அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கோயில் கூட்டத்தில் ஏதோ கேட்டார்கள். சிரித்துத் தலையாட்டினேன். அந்த வருடம் அன்னதானக் குழுவுக்குத் தலைவர் நான்தான் என்பது, என் முன்னால் வெங்காய மூட்டையை இறக்கியபோதுதான் எனக்கே தெரிந்தது.

கடைசியில் பயம் வந்து, மனைவிக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. இந்த வயதில் பெயிலாகிவிடுவோமே என்று, குத்துமதிப்பாகத் தாளம்போட்டு அழுத்த ஆரம்பித்தேன். மலாய் டாக்டரம்மா கதவைத் திறந்து உள்ளே வந்து, இன்னும் மெஷினையே போடவில்லை என்று கைஜாடை காட்டினார்.

இரண்டாம் தடவை ஒழுங்காக அழுத்தினேன். அதற்கு அதிக வேலை இருக்கவில்லை. டாக்டரம்மா காட்டிய தாளில் இரண்டு கோடுகள். இடது காதின் கோடு மலைச்சரிவில் உருண்ட மாதிரி கீழே போயிருந்தது. வலது காது அதன் பின்னாலேயே கிளம்பியிருந்தது. சரிபண்ண முடியுமா என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்ததும், தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: தா போலே. முடியாது. கருவி மாட்டினால் கொஞ்ச காலம் சமாளிக்கலாம், பிறகு அதற்கும் வேலை இருக்காது, கடைசிவரை நிற்கப்போவது இடி, லோரி, மேளம் மாதிரியான அடிச்சத்தம் மட்டும்தான் என்று மீதியையும் எழுதிக் காட்டினார். ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய போலேக்கள் அத்தனையும் சேர்ந்து, முன்னால் ஒரு தாவைச் சேர்த்துக்கொண்டு என்னிடமே திரும்பி வந்துவிட்டன.

அந்தத் தாளை மடித்து காடியின் டாஷ்போர்டு அறைக்குள், பழைய பார்க்கிங் கூப்பன்களுக்கு அடியில் வைத்தேன். மனைவி அந்த அறையைத் திறப்பதே இல்லை. திறந்தால் கரப்பான் வரும் என்று நான்தான் எப்போதோ சொல்லிவைத்திருந்தேன்.

மனைவி மஸ்ஜித் தானாவில் ஒரு வக்கீல் ஆபிசில் கிளார்க். என் கடை இருக்கிற அதே வரிசையில், இரண்டாவது மாடி. எட்டு வருடமாக ஒன்றாகத்தான் போய்வருகிறோம். வீட்டில் அவள் பாடமாட்டாள். கோயிலில், கல்யாணத்தில், ஆள் முன்னால் எங்கேயும் பாடமாட்டாள். காடிக் கதவை மூடிவிட்டால் மட்டும், ஓடுகிற பாட்டோடு சேர்ந்து பாடுவாள். சுருதிக்குச் சற்றுக் கீழே நின்று, தெரியாத வரி வந்தால் லாலா போட்டு, தெரிந்த வரியில் மறுபடி ஏறிக்கொள்வாள். அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவளைக் கேட்கிற ஒரே ஆள் நான். வழியில் கடலோரத் தங்கா பத்து வந்தால் சீண்டுவேன்:

“கொஞ்சம் மெல்ல லா. தங்கா பத்துல மீனெல்லாம் கரைக்கு ஏறிடப்போவுது.”

“ஏறட்டும். பொறிச்சிக்கலாம்.”

அந்தக் குரல்தான் போய்க்கொண்டிருந்தது. நம் நாட்டுக் காடியில் ஓட்டுகிறவன் வலப்பக்கம், மனைவி இடப்பக்கம். போன காது அவள் பக்கம். மிச்சமிருந்த காதை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, போகிற லோரியையெல்லாம் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் பிறந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் அவள் பாட்டைக் கேட்டிருக்கலாம்.

பாட்டாவது கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். மனைவி ஏதோ சொல்வாள், நான் தலையாட்டுவேன், சத்தம் அப்படியே இருக்கும். ஒருநாள் கதவோரத் தகரம் அதிர, அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று மாலை சமையலறையில் என் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னதால் எல்லாம் கேட்டது.

“என் கொரலு புடிக்கலன்னா நேரா சொல்லலாம். இப்படி ரேடியோவ வச்சி அமுக்க வேணாம்.”

“ஐயோ, அப்படி இல்ல லா...”

“நாளையிலேர்ந்து நான் ஆபிஸ் கூட்டாளி காடியில போறேன். நீங்க தனியா டிஸ்கோ ஆடிக்கிட்டுப் போங்க.”

போனாள். காலையில் வாசலில் ஹார்ன் அடித்திருக்கும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. டாக்டரம்மாவின் தாளை நீட்டியிருந்தால் அந்த வரியும் மிச்சம். ஆனால் என் மாமனாரை நான் பார்த்திருக்கிறேன். கடைசிக் காலத்தில் அவருக்கும் காது போயிற்று. முதல் வருடம் எல்லோரும் கத்தினார்கள். இரண்டாம் வருடம் ஜாடை காட்டினார்கள். அப்புறம் அவர் “என்னா?” என்று கேட்கும்போதெல்லாம் வீட்டில் ஒரே பதில்தான்: “ஒண்ணுமில்ல, விடுங்க.” ஆறு வருடம் அந்த மனுஷனுக்கு அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. பேத்திக்கு நிச்சயம் ஆனதையே பந்தல்காரன் வந்தபோதுதான் தெரிந்துகொண்டார். என் மனைவி கெட்டவள் இல்லை. அவரிடம் நானும் அதையேதான் சொன்னேன். எனக்கும் அந்த “விடுங்க” வந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

பயந்தவனுக்கு எப்போதும் ஒரு யோசனை வரும். எனக்கு வந்தது இது: அடிச்சத்தம்தான் கடைசிவரை நிற்கும் என்றால், காடியில் அடிச்சத்தத்தை மட்டும் கூட்டினால் என்ன? சப்வூஃபர் வைத்தால் பாட்டு முதுகு வழியாக ஏறும். ரேடியோவை அவளுக்குப் பிடித்த அளவுக்குக் குறைத்துவிடலாம். அவள் மறுபடி என் பக்கத்தில் உட்காருவாள், பாடுவாள். உதடு அசைவதைப் பார்த்து, முதுகில் தாளத்தை வாங்கி, மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். எட்டு வருடம் கேட்ட பாட்டுதானே. ஒருவரிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு மனிதன் காடியைப் பிரித்துப்போடத் தயாராவது எனக்கு அப்போது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை.

காடி ஆடியோ கடையில் மலாய்க்காரர் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். ஏழெட்டுப் போலே சொன்னேன். ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கப்போனவன், இரண்டு பெரிய சப்வூஃபர், அவற்றுக்கு ஒரு மரப்பெட்டி, சத்தத்தைப் பெருக்கித் தர மோனோ ஆம்ப் ஒன்று, சுண்டுவிரல் தடிமனில் சிவப்பு வயர் எல்லாவற்றோடும் வெளியே வந்தேன். அவரே எல்லாவற்றையும் காடியில் பூட்டிக் கொடுக்கிறேன் என்றிருப்பார். பூட்டுகிற நேரம் முழுக்க அவர் பேசுவாரே என்ற பயத்தில் அதற்கு மட்டும் தலையை ஆட்டாமல் ஓடிவந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் போர்ச்சில் கடை விரித்தேன். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியாயிற்று. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி பியூஸ் வைத்தாயிற்று. சிவப்பு வயரை எஞ்சின் பக்கத்திலிருந்து ரப்பர் துவாரம் வழியாக உள்ளே நுழைத்து இழுக்கும்போது, டாஷ்போர்டுக்கு அடியில் என் கை மாட்டிக்கொண்டது. தலை கீழே, கால் கதவுக்கு வெளியே. எதிர்வீட்டுக்காரர் கையசைத்த மாதிரி இருந்தது. நானும் காலை ஆட்டினேன். பின்சீட்டு போல்ட்டைக் கழற்றி, அங்கே பெயிண்டைச் சுரண்டி, எர்த் வயரை இறுக்கினேன். அதுவரை எல்லாம் சரி. வெறும் உடம்பு வேலை.

ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள். ஒவ்வொரு காயிலின் மின்தடையும் நாலு ஓம். ஆக நாலு காயில், எட்டு முனை. ஆம்புக்கோ போக வேண்டியது இரண்டே முனை. எட்டை எப்படி இரண்டாக்குவது? கையடக்கப்பேசியில் வயர் கட்டுகிற படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு மாதிரி சுற்றினால் நாலு ஓம் வருகிறது. எல்லா பிளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸ்ஸையும் ஒன்றாகக் கட்டினால் ஒரு ஓம் வருகிறது. ஓம் குறைந்தால் ஆம்பிலிருந்து கரண்ட் அதிகம் பாயும், அடி பலமாக இருக்கும். எவ்வளவு குறையலாம் என்பது ஆம்பைப் பொறுத்தது. அது ஆம்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. கை முழுக்கக் கரி.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப்பக்கம் டீச்சர் துணி உலர்த்த வந்தார். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்துக்கு ஃபிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர். எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். கடவுளே அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. அனுப்பிய கடவுளுக்கு என் ஜாதகம் தெரிந்திருக்க வேண்டும்.

“என்ன தம்பி, காடிக்கு ஒப்பரேஷனோ?” வேலியோரம் வந்து முகத்தைப் பார்த்துச் சொன்னதால் பிடித்துக்கொண்டேன்.

“ஆமா டீச்சர். பேஷன்டு பொழைக்குமான்னு தெரியல. இதக் கொஞ்சம் படிங்களேன்.”

ஆம்பை வேலிக்கு மேலே நீட்டினேன். டீச்சர் வாங்கி, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து படித்தார். நான் படத்தைக் காட்டி விளக்கினேன்.

“நாலு காயிலையும் ஒண்ணா சேத்துக் கட்டிடலாமா டீச்சர்?”

டீச்சர் குனிந்தபடியே பதில் சொன்னார். உதடு தெரியவில்லை. எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான்: ஓம்.

டீச்சரின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. நாம் ஆமா என்கிற இடத்தில் அவர் எப்போதும் ஓம் என்றுதான் சொல்வார். மழை வருமா டீச்சர்? ஓம். சாப்பிட்டாச்சா டீச்சர்? ஓம். ஆழமான, உருண்டையான சொல். என் காதில் மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சத்துக்கு அளவெடுத்துத் தைத்த சொல்.

“அப்ப கட்டிடறேன்?”

டீச்சர் மறுபடியும் ஏதோ சொன்னார். முன்னால் கொஞ்சம் மூச்சு, நடுவில் ஓம், பின்னால் நீளமாக ஓர் ஓ. ஒன்றுக்கு இரண்டு ஓம். ஃபிசிக்ஸ் டீச்சரே சொல்லிவிட்டார். பயம் போன வேகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். டீச்சர் நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணிப்பக்கம் போய்விட்டார்.

கட்டினேன். எல்லா சிவப்பும் ஒன்றாக, எல்லா கறுப்பும் ஒன்றாக. பேட்டரி வயரை மாட்டினேன். ஆம்பில் பச்சை விளக்கு எரிந்தது. மனைவி பிளாஸ்டிக் பைகளோடு வந்து இறங்கியதும் போர்ச்சிலேயே மறித்தேன்.

“அஞ்சு நிமிஷம். உள்ள உக்காரு.”

வேறு யாராவது கரி பூசிய முகத்தோடு இப்படிக் கூப்பிட்டால் ஓடிவிடுவார்கள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கதவை மூடினேன். அவளுக்கு ரொம்பப் பிடித்த பழைய பாட்டைப் போட்டு, சத்தத்தைத் தாழ்த்தி வைத்தேன்.

வந்தது. முதுகெலும்பில் தபலாவின் இடதுகை விழுந்தது. சீட்டு வழியாக, இடுப்பு வழியாக, எத்தனையோ மாதத்துக்கு முன்னால் காணாமல்போன பாட்டு நடந்து வந்து என் மடியில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மனைவி முதலில் டாஷ்போர்டைப் பார்த்தாள், பிறகு என்னை. உதட்டோரம் மெல்ல அசைந்தது. பல்லவி. எனக்குத் தெரியும், அந்த இடத்தில் பல்லவிதான். தெரியாத வரியில் லாலா. தெரிந்த வரியில் ஏறினாள். நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன்.

சரணத்தில் அவள் வாய் பெரிதாகத் திறந்தது. மேல் ஸ்தாயி. கை இரண்டையும் தூக்கி ஆட்டிப் பாடினாள். இவ்வளவு உணர்ச்சியோடு அவள் பாடி நான் பார்த்ததே இல்லை. கண்ணெல்லாம் விரிந்திருந்தது. நானும் தலையை ஆட்டி, “பேஷ், பேஷ்” என்றேன். அவள் என் தோளில் அடித்தாள். சந்தோஷத்தில் அடிக்கிறாள் என்று நானும் திருப்பி ஒன்று லேசாகப் போட்டேன். அப்போது அவள் என்மேல் பாய்ந்து சாவியைப் பிடுங்கினாள். முதுகில் தபலா நின்றது. அதற்குப் பிறகுதான் மூக்குக்கு வாசனை வந்தது. பின்பக்கம் முழுக்கப் புகை.

ரப்பரும் முட்டையும் சேர்ந்து கருகிய நாற்றம். இரண்டு பேரும் வெளியே வந்து நின்றோம். சரணத்தில் அவள் பாடவில்லை. “பொக! பொக வருது!” என்று அத்தனை நேரமும் கத்தியிருக்கிறாள்.

டீச்சர் கையில் ஈரத்துண்டோடு வேலிக்கு வந்துவிட்டார். அவர் சொன்னதை மனைவி பிற்பாடு என் வலது காதில் வரி பிசகாமல் சொன்னாள்.

“நான் சொன்னனே தம்பி! நாலையும் கட்டினா ஒரு ஓமாப் போகும், இந்த ஆம்ப் ரெண்டுக்குக் கீழே தாங்காது, கட்டாதேங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனே! இவர் சிரிச்சுப்போட்டுப் போயிட்டார் பிள்ளை.”

மனைவி டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதையோ வரிசையாக அடுக்கிப் பார்க்கிற முகம். குக்கர், வெங்காயம், ரேடியோ. பிறகு என்னைச் சுற்றி நடந்து எனக்குப் பின்னால் போனாள். நான் எரிந்த ஆம்பைப் பார்ப்பதுபோல் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. காற்றுகூட இல்லை. ஆனால் டீச்சரின் கண்கள் என் தோளுக்குப் பின்னால் போய், திரும்பி என் முகத்துக்கு வந்து, மறுபடியும் பின்னால் போயின. அப்போதுதான் புரிந்தது: பின்னாலிருந்து யாரோ என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பதறிப்போய்த் திரும்பி, முழுப் பல்லும் தெரியச் சிரித்து, “போலே” என்றேன்.

அவள் கேட்டது, “உங்களுக்கு நெசமாவே காது கேக்கலையா?”

டாஷ்போர்டு அறையைத் திறந்து தாளை நானே எடுத்துக் கொடுத்தேன். கரப்பான் ஒன்றும் வரவில்லை. அவள் காடியில் சாய்ந்து நின்று படித்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவளுடைய அப்பாவைப் பற்றி எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமையிலிருந்து அவள் மறுபடி என்னோடுதான் வருகிறாள். அப்படிப் பார்த்தால் நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆம்பைக் கழற்றிப் போட்டேன். பெட்டியைக் கழற்ற மனம் வரவில்லை. கருவிக்கு அளவெடுத்து மாட்டிக்கொண்டேன். அது லோரியைப் பெரிதாக்கித் தருகிறது. மனைவியை வாத்தாக்கித் தருகிறது.

ஓட்டும்போது திரும்ப முடியாது. அதனால் எங்கள் பேச்சு இப்போது சிவப்பு விளக்கில்தான். விளக்கில் நின்றால் அவள் பக்கம் திரும்புவேன், அவள் வாயை அகலமாகத் திறந்து சொல்வாள், நான் படிப்பேன். முதல் மாதம் ஒவ்வொரு விளக்கிலும் சொன்னாள். ஆபிஸ் கதை, மீன் விலை, டீச்சரின் முழங்கால். ஒரு கதை முடிய மூன்று விளக்கு வேண்டும். பச்சை விழுந்தால் பாதியில் நிற்கும். சிவப்பு விழ வேண்டுமென்று மெதுவாக ஓட்டினேன், பின்னால் வந்தவர்கள் என்னைப் பற்றி என்ன சொன்னார்களோ, அது கேட்காதது ஒரு லாபம். தங்கா பத்து தாண்டினால் விளக்குகள் அருகிவிடும். அங்கிருந்து இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவோம்.

பாட்டை நான்தான் போடுகிறேன். அவள் அணைத்துவிடுகிறாள். பாடேன் என்று கேட்டேன். ஒரு நாள் பாடினாள். அடுத்த விளக்கில் நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் முன்னால் அவளுக்குப் பாட வராது.

போன வாரம் தங்கா பத்துக்கு முன்னால் இருக்கிற கடைசி விளக்கில் நின்றோம். அவள் கடல் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். முகம் திரும்பியிருந்ததால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

“என்னா?” என்றேன்.

திரும்பினாள். சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. விளக்கைப் பார்த்தாள். நேரம் இருந்தது.

“ஒண்ணுமில்ல, விடுங்க.”

உதட்டில் தெளிவாகப் படித்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்திருக்க வேண்டும், மனைவி என் தோளைத் தட்டினாள். காடியை எடுத்தேன்.